மழை குறைந்ததா, மண் குறைந்ததா?

மானாவாரி விவசாயிகள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு மழையில்தான் தொடங்கும். அப்பா காலத்தில் சோளமும் துவரையும் விளைந்த மேட்டுக்காடு இப்போது விதைச் செலவுக்குக்கூடத் தேறவில்லை என்பார் ஒருவர். மழை முன்போல் இல்லை என்பார் மற்றவர். வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இருவரும் கலைந்துபோவார்கள்.

நீங்களும் இப்படிப் பேசியிருப்பீர்கள். அதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பெய்த மழையில் எவ்வளவு உங்கள் மண்ணுக்குள் இறங்கியது? எவ்வளவு ஓடையில் ஓடியது? ஓடிய தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது? மழைதான் குறைந்தது என்றால் நம் கையில் இருப்பது கொஞ்சம். மண் குறைந்திருக்கிறது என்றால் நம் கையில் இருப்பது நிறைய.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு உலகின் வறண்ட நிலங்களைச் சுற்றிவந்தவர் வால்டர் லௌடர்மில்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மண் பாதுகாப்புத் துறையில் உலகறிந்த முன்னோடிகளில் ஒருவர். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், அவர் கண்டு சொன்னது இன்றும் உங்கள் மேட்டுக்காட்டுக்குப் பொருந்தும்.

சீனாவுக்குப் போன வனத்துறைக்காரர்

லௌடர்மில்க் 1888-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் பிறகு மேற்கே குடிபெயர்ந்தது. வறண்ட மாநிலமான அரிசோனாவின் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கிருந்து ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் வனவியல் கற்றார். திரும்பிவந்து அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார்.

1922-ல் இனெஸ் மார்க்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மையார் ஏற்கெனவே சீனாவில் பணியாற்றியவர். அதே ஆண்டு இருவரும் சீனாவின் நான்ஜிங் நகருக்குப் போனார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வனவியல் பேராசிரியர் வேலை. 1920, 1921-ம் ஆண்டுகளில் வட சீனாவைப் பெரும் பஞ்சம் வாட்டியிருந்தது. பஞ்சம் வந்தபின் கஞ்சி ஊற்றினால் போதாது, வராமல் தடுக்க ஆராய்ச்சி வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்திருந்தது.

வேலையில் சேர்ந்த லௌடர்மில்க் மஞ்சள் நதியைப் பார்க்கப் போனார். அங்கே அவர் கண்டது விசித்திரமான காட்சி. நதி பள்ளத்தில் ஓடவில்லை. இரு பக்கமும் மக்கள் கட்டி எழுப்பிய கரைகளுக்கு நடுவே, சுற்றியுள்ள சமவெளியைவிட 40, 50 அடி உயரத்தில் ஓடியது. ஆண்டுதோறும் வண்டல் படிந்து ஆற்றின் தரை உயரும். மக்கள் கரையை உயர்த்துவார்கள். தரை மறுபடியும் உயரும். ஒருநாள் கரை உடையும். ஊர்கள் அழியும். இதுதான் அந்த நதியின் கதை.

கரையை எவ்வளவு உயர்த்துவது என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் வேறு கேள்வி கேட்டார். இத்தனை மண்ணும் எங்கிருந்து வருகிறது? விடை தேடி ஆற்றின் மேற்பகுதிக்குப் பயணம் போனார்.

மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

மேற்பகுதியில் இருந்தது லோயஸ் பீடபூமி. காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த பொடிபோன்ற மஞ்சள் மண். ஒரு காலத்தில் மரமும் புல்லும் மூடியிருந்த நிலம். மலைச்சரிவுகளை வெட்டித் திருத்தி உழுததால் மண் வெறுமையாகி, மழை அதைக் கீறிக் கீறி நூற்றுக்கணக்கான அடி ஆழமுள்ள பள்ளங்களை உண்டாக்கியிருந்தது.

இங்கேயும் மக்களும் சில அறிஞர்களும் சொன்ன காரணம் ஒன்றுதான்: மழை குறைந்துவிட்டது, தட்பவெப்பம் மாறிவிட்டது, அதனால் நிலம் வறண்டுவிட்டது.

லௌடர்மில்க் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கண்ணில் பட்டது புத்தர் கோயில்களைச் சுற்றியிருந்த காடு. நம் பக்கத்துக் கோயில் காடுகளைப் போலத்தான். அங்கே யாரும் மரம் வெட்ட மாட்டார்கள், ஆடு மாடு விட மாட்டார்கள். அந்தக் காட்டில் மரங்கள் அடர்ந்து நின்றன. விழுந்த விதையிலிருந்து புதுக் கன்றுகள் தாமாகவே முளைத்துக்கொண்டிருந்தன. காட்டின் எல்லைக்கு வெளியே அதே மண், அதே மழை. ஆனால் மொட்டைச் சரிவு. மழை குறைந்ததுதான் காரணம் என்றால், கோயிலுக்குள் மட்டும் எப்படிக் காடு வளர்கிறது?

இந்த இடத்தில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். பார்த்ததோடு விடவில்லை, அளந்தார். 1924, 1925-ம் ஆண்டுகளில் ஷான்ஷி மாநிலத்தில், கோயில் காட்டுக்கு உள்ளேயும் வெளியே மொட்டைச் சரிவிலும் சிறு பாத்திகள் அமைத்தார். ஒவ்வொரு மழைக்கும் எவ்வளவு தண்ணீர் வழிந்தது, எவ்வளவு மண் கரைந்தது என்று பிடித்து அளந்தார். மொட்டைச் சரிவில் வழிந்த நீரும் கரைந்த மண்ணும் காட்டுப் பாத்தியைவிடப் பல மடங்கு இருந்தன. வானம் செய்ததல்ல, மனிதன் செய்தது என்பதற்குக் கையில் ஒரு கணக்குக் கிடைத்தது. இயற்கையாக மெதுவாக நடக்கும் அரிப்பு வேறு, மனிதக் கை பட்டு வேகமெடுத்த அரிப்பு வேறு என்று அவர் பிரித்துச் சொன்னார். இந்தப் பிரிவு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியை அவர் தனியாகச் செய்யவில்லை. ரென் செங்டோங் போன்ற சீன மாணவர்களும் உதவியாளர்களும் அவரோடு மலை ஏறினார்கள். பாத்தி வெட்டுவதிலிருந்து அளந்து குறிப்பது வரை கூடவே நின்றார்கள். 1926-ல் டோக்கியோவில் கூடிய பசிபிக் நாடுகளின் அறிவியல் மாநாட்டில் லௌடர்மில்க் இந்த முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாட்டின் மண்ணில் இன்னொரு நாட்டு விஞ்ஞானி உள்ளூர் மாணவர்களோடு கண்டறிந்ததை மூன்றாவது நாட்டில் பல நாட்டவர் கேட்டார்கள். இன்று நாம் பன்னாட்டு ஆராய்ச்சிக் கூட்டு என்று சொல்வதன் தொடக்ககால உருவம் இது.

1927-ல் நான்ஜிங்கில் கலவரம் வெடித்தது. வெளிநாட்டவர் வீடுகள் சூறையாடப்பட்டன. லௌடர்மில்க் குடும்பம் உயிர் தப்பி அமெரிக்கா திரும்பியது.

கலங்கிய நீர் சொன்ன பாடம்

நாடு திரும்பியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த ஆய்வு, விவசாயிகளான உங்களுக்கு மிக நெருக்கமானது.

காட்டில் விழுந்து கிடக்கும் சருகு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் தண்ணீர் ஓடுவதில்லை என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். லௌடர்மில்க் பெரிய தொட்டிகளில் மண்ணை நிரப்பினார். சிலவற்றில் சருகைப் பரப்பினார், சிலவற்றை வெறுமையாக விட்டார். எல்லாவற்றின் மேலும் செயற்கை மழை பெய்வித்தார்.

சருகு உறிஞ்சிய தண்ணீர் கொஞ்சம்தான். உண்மையான வேலை வேறு இடத்தில் நடந்தது. வெறும் மண்மேல் துளி விழுந்ததும் மண் கரைந்து நீர் கலங்கியது. அந்தக் கலங்கல் நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அதிலுள்ள நுண்ணிய துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டன. மேலே ஒரு மெல்லிய பொருக்கு படிந்தது. அதற்குமேல் தண்ணீர் இறங்க வழியில்லை, வழிந்து ஓடியது. சருகு மூடிய தொட்டியிலோ துளியின் அடி மண்மேல் விழவில்லை. நீர் தெளிவாகவே இருந்தது. துளைகள் திறந்திருந்தன. மழைநீர் தொடர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது.

மழைக்குப் பிறகு உங்கள் செவலைக் காட்டில் தட்டையாக ஒரு பொருக்கு கட்டுகிறதே, விதை முளைத்து வெளியே வரத் திணறுகிறதே, அது இதுதான். மூடாக்குப் போடுங்கள் என்று வேளாண் அலுவலர் சொல்லும்போது, மண் ஈரம் காயாமல் இருக்க என்று மட்டும் நினைக்காதீர்கள். தண்ணீர் நுழையும் வாசலைத் திறந்து வைப்பதே அதன் முதல் வேலை.

புழுதிப் புயலும் பழைய நாகரிகங்களும்

1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் புல்வெளியை உழுது கோதுமை விதைத்த நிலங்கள் வறட்சியில் காய்ந்து, காற்றில் புழுதியாகப் பறந்தன. பல மாநிலங்களில் குடும்பம் குடும்பமாக விவசாயிகள் ஊரைவிட்டுப் போனார்கள். அரசு விழித்துக்கொண்டது. 1933-ல் மண் அரிப்புத் தடுப்புக்கென ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஹியூ பென்னெட் அதன் தலைவர். அவருக்கு அடுத்த இடத்தில் லௌடர்மில்க். 1935-ல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

தன் நாட்டுப் பிரச்சினைக்கு விடை தேட, அமெரிக்க அரசு அவரை 1938-ல் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழப்பட்ட நாடுகளில் நிலம் என்ன ஆனது என்று பார்த்துவர வேண்டும். குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா என்று சுமார் ஒன்றரை ஆண்டு சுற்றினார்.

வட சிரியாவின் மலைகளில், ஆள் இல்லாமல் கிடக்கும் பழங்கால ஊர்களைக் கண்டார். வீடுகளின் கல் சுவர்கள் நிற்கின்றன, சுற்றிலும் மண்தான் இல்லை. வாசற்படிகளும் அடித்தளக் கற்களும் பாறைக்கு மேலே உயர்ந்து நின்றதை வைத்து, 3 முதல் 6 அடி வரை மண் போயிருக்கிறது என்று கணக்கிட்டார். போர் அழித்த ஊரை மறுபடி கட்டலாம். மண்ணே போன ஊருக்கு மனிதர் திரும்ப முடியாது.

லெபனானில் நேர்மாறான இரண்டு காட்சிகள் கிடைத்தன. ஒன்று, புகழ்பெற்ற சிடார் மரக் காட்டில் எஞ்சியிருந்த ஒரு தோப்பு. ஆடு நுழையாமல் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்ததால் அங்கே மரம் தப்பியிருந்தது, கன்றும் முளைத்தது. இன்னொன்று, செங்குத்தான சரிவுகளில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். நிற்கவே கடினமான சரிவில் மண் அப்படியே நின்றது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத அந்த உழவர்களைத் தன் ஆசான்களாகவே அவர் பார்த்தார்.

துனீசியாவில் அவர் கேள்விக்கு ஒரு நேரடியான பதில் கிடைத்தது. ரோமானியர் காலத்தில் ஆலிவ் விளைந்த இடங்களில் பின்னாளில் மறுபடியும் ஆலிவ் நட்டிருந்தார்கள். அவை செழித்திருந்தன. மழை அடியோடு மாறியிருந்தால் அவை பிழைத்திருக்காது.

1939-ல் ஜெருசலேம் வானொலியில் பேசியபோது, பைபிளின் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார். மண்ணையும் நீரையும் காட்டையும் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் சந்ததி வறுமையில் விழும் என்பது அதன் சாரம். இந்தப் பயண அனுபவங்களை அமெரிக்க வேளாண் துறை 1953-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டது. அது லட்சக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது.

மீண்டும் சீனா

1942-ல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், சீன அரசு அவரை ஆலோசகராக அழைத்தது. வடமேற்கு மாநிலங்களைச் சீன விஞ்ஞானிகளோடு சுற்றிவந்தார். எங்கெங்கே சோதனைத் திடல் அமைக்கலாம், எந்தச் சரிவில் புல், எந்தச் சரிவில் வரப்பு என்று அவர்களோடு சேர்ந்து திட்டமிட்டார். அந்தக் காலத்தில் கான்சு மாநிலத்தின் தியன்ஷுயில் தொடங்கிய மண், நீர்ப் பாதுகாப்பு நிலையம் பின்னாளிலும் தொடர்ந்தது. அவரிடம் பயின்ற மாணவர்களே சீனாவில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் விமானம் ஏறிப் போன பிறகும் வேலை நிற்காமல் நடந்தால்தான் அது கூட்டு ஆராய்ச்சி.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. வட ஆப்பிரிக்காவிலும் இஸ்ரேலிலும் ஆலோசகராக இருந்தார். 1974 மே மாதம், 85-வது வயதில், பெர்க்லியில் காலமானார்.

அப்படியே ஏற்க வேண்டாதவை

பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. மேற்காசியாவில் நிலம் கெட்டதற்கு ஆடுகள்மீதும் நாடோடி மேய்ப்பர்கள்மீதும் அவர் அளவுக்கு மீறிப் பழி போட்டார். மழைக்கேற்ப இடம் மாறி மேய்ப்பது வறண்ட நிலத்துக்கு ஏற்ற முறைதான் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. நம் ஊரில் கிடை போடுகிறவர் நிலத்துக்கு உரம் தருகிறாரே தவிரக் கேடு செய்வதில்லை. ஒரே இடத்தில் நிறுத்தி, புல் தழைக்க இடம் தராமல் மேய்ப்பதுதான் கேடு. பாலஸ்தீனம் பற்றிய அவர் எழுத்துகள் அரசியல் சர்ச்சையிலும் சிக்கின.

எல்லா இடத்திலும் மழை மாறவில்லை என்று சொல்லவும் முடியாது. 1970-களில் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் மழை உண்மையாகவே குறைந்தது. அதற்குக் கடல்நீரின் வெப்பநிலை மாற்றம் பெரிய காரணம் என்று ஆய்வுகள் கண்டறிந்தன. இன்று பருவநிலை மாறிவருவதும் உண்மை. ஆகவே வானமும் காரணம், கையும் காரணம். ஆனால் வானம் சோதிக்கும்போது மண்ணைக் காத்தவர் தாங்குவார், காக்காதவர் விழுவார். இந்த அடிப்படை மாறவில்லை.

அவருக்குப் பிறகு

லௌடர்மில்க் தொடங்கிய பாதையில் பிறகு பல நாடுகள் சேர்ந்து நடந்தன. 1972-ல் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் இக்ரிசாட் பன்னாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. உங்கள் மானாவாரிப் பயிர்களான சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை, கொண்டைக்கடலை ஆகியவற்றை ஆராய்வது அதன் வேலை. 1977-ல் வறண்ட பகுதிகளுக்கான இக்கார்டா மையம் சிரியாவின் அலெப்போ அருகே அமைந்தது. மண் இழந்து ஆளற்றுப்போன அந்தப் பழைய ஊர்கள் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. 1994-ல் பாலைவனமாதலைத் தடுக்க ஐ.நா. உடன்படிக்கை உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. பாலைவனமாதல் என்றால் மணல்மேடு நகர்ந்து வருவது என்று நினைக்க வேண்டாம். வறண்ட பகுதியில் விளைநிலம் தன் சக்தியை இழப்பதுதான் அது.

லோயஸ் பீடபூமி என்ன ஆனது? 1994-ல் உலக வங்கிக் கடனோடு சீன அரசு அங்கே பெரிய சீரமைப்பைத் தொடங்கியது. சரிவுகளில் படிக்கட்டு வயல் வெட்டினார்கள். செங்குத்தான இடங்களில் உழவை நிறுத்தி மரமும் புல்லும் வைத்தார்கள். ஆடுகளைப் பட்டியில் கட்டித் தீனி போட்டார்கள். 25 லட்சம் பேருக்கு மேல் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி சொல்கிறது. ஒரு காலத்தில் மஞ்சள் நதி ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. இன்று அது பெருமளவு குறைந்திருக்கிறது. இடையில் கட்டிய அணைகளும் இதற்குக் காரணம் என்றாலும், மேட்டில் மண் நிற்பது முக்கியக் காரணம்.

நீங்களே செய்து பாருங்கள்

லௌடர்மில்க்கின் தொட்டிச் சோதனையை உங்கள் களத்திலேயே செய்யலாம். வேளாண் அலுவலர்கள் கிராமக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் செய்து காட்டலாம்.

பழைய எண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டி இரண்டு தட்டுகள் செய்யுங்கள். இரண்டிலும் உங்கள் காட்டு மண்ணை ஒரே அளவில் நிரப்பி, ஒரு முனைக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்வாக நிறுத்துங்கள். கீழ் முனையில் தண்ணீர் வழிய ஒரு வெட்டு விடுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதன்மேல் சோளத்தட்டையோ கடலைக் கொடியோ வைக்கோலோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஒரே உயரத்திலிருந்து ஊற்றுங்கள். வழியும் நீரை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பிடியுங்கள். எதில் நீர் அதிகம், எதில் கலங்கல் அதிகம் என்று பாருங்கள். கலங்கலாக ஓடுவது உங்கள் நிலத்தின் மேல்மண், போன ஆண்டு நீங்கள் போட்ட தொழுஉரம்.

பிறகு உங்கள் நிலத்துக்குப் போங்கள். கோடை மழைக்கு முன் செய்யும் உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். டிராக்டர்காரர் நீளவாட்டத்தில் ஓட்டினால்தான் டீசல் மிச்சம் என்பார், அந்த மிச்சத்துக்கு விலை உங்கள் மண். அறுவடைக்குப் பின் தட்டையையும் சருகையும் கொளுத்தாதீர்கள். மாட்டுக்குப் போக மிஞ்சியதை நிலத்தில் பரப்புங்கள். வரப்பு உடைந்த இடத்தை அடுத்த மழைக்கு முன் அடையுங்கள். நிலத்தில் ஓரத்துக் கால் ஏக்கரில் மட்டும் இந்த ஆண்டு இவற்றைச் செய்து, மீதியை வழக்கம்போல் விட்டு, இரண்டின் விளைச்சலையும் எடை போட்டு எழுதி வையுங்கள்.

லௌடர்மில்க் செய்ததும் இவ்வளவுதான். காட்டுக்கு உள்ளே ஒரு பாத்தி, வெளியே ஒரு பாத்தி, கையில் ஒரு குறிப்பேடு. அடுத்த மழை பெய்யும்போது வீட்டுக்குள் ஓடாமல், குடையை எடுத்துக்கொண்டு உங்கள் காட்டின் தாழ்ந்த மூலைக்குப் போய் நில்லுங்கள். அங்கே வழியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள்.